ஐந்து கால் குதிரைக் கிண்ணம்

1

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தமிழ்க் குடும்பம் நான் வேலை பார்க்கிற மியூசியத்துக்கு வந்தது. புருஷன், பெண்டாட்டி, எட்டு வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை. இரண்டாம் மாடியில் பாரசீகப் பாத்திரங்கள் இருக்கிற கூடத்தில் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே முப்பது நாற்பது கண்ணாடிப் பெட்டிகள். நீலக் குடுவை, பச்சைத் தட்டு, பள்ளிவாசல் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த நட்சத்திர டைல்ஸ் என்று எல்லாம் முழுசாக இருக்கும். ஒரே ஒரு பெட்டியில் மட்டும் துண்டுகள். வெள்ளைத் துணியின்மேல் மூன்று பங்காகப் பிரித்து வைத்திருப்பார்கள்.

அந்தப் பிள்ளை முழுப் பாத்திரங்களை விட்டுவிட்டு அங்கே போய் நின்றது.

"அப்பா, உடைஞ்சதப் போயி ஏன் பூட்டி வச்சிருக்காங்க?"

அப்பாக்காரர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த எழுத்தைக் குனிந்து வாசித்தார். "ஏதோ மூணு கிண்ணத்தோட துண்டுகளாம். எழுநூறு, எண்ணூறு வருஷம் பழசாம். ஒட்டுறதுக்கு ஆள் கிடைச்சிருக்காது" என்றார். அந்தம்மா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க தமிழா? எந்த ஊரு?" என்று கேட்டார்.

"கோவில்பட்டி பக்கம்மா."

"யார் உடைச்சாங்கண்ணே இத?"

"யாரும் உடைக்கலம்மா" என்றேன். அதற்குமேல் சொல்ல அங்கே நேரமும் இல்லை, இடமும் இல்லை. துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டேன். அறைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பிள்ளை கேட்டது காதில் நின்றது. ஆகவே எழுதுகிறேன். நாட்டின் பெயரை எழுதவில்லை. நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

2

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எட்டயபுரத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்குள் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஆடு மேய்க்கிற தொழில். சொந்த ஆடு கொஞ்சம், ஊர்க்காரர்களின் ஆடு நிறைய. எனக்கு ஒரு வேலையில் கால் தரிக்காது. தீப்பெட்டி ஆபீஸில் இரண்டு வருஷம் இருந்தேன். மருந்து நெடி பிடிக்கவில்லை. குளத்தூருக்குக் கிழக்கே உப்பளத்தில் மூன்று வெயில் காலம் உப்புச் சுமந்தேன். பிறகு லாரியில் கிளீனர். பம்பாயில் ஓட்டல். அங்கே ஒரு ஏஜெண்டு, "பாத்திரம் பாத்துக்கிடுத வேலை, வெளிநாடு" என்றான். இன்னொரு ஓட்டல் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

வந்து பார்த்தால் பாத்திரங்கள் இருந்தன, ஆனால் கழுவக் கூடாது. தொடவும் கூடாது. அலமாரியின் தூசியை மட்டும் பஞ்சு போன்ற பிரஷ்ஷால் தட்ட வேண்டும். முதல் மாதம் எனக்குச் சிரிப்பாக வந்தது.

காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ். ஏழு மணிக்கு மியூசியத்துக்கு அடியில் இருக்கிற ஸ்டோர். மேலே காட்சிக்கு இருப்பதைவிடக் கீழே பூட்டிக் கிடப்பது பத்து மடங்கு. ஜன்னல் கிடையாது. மழையா வெயிலா என்று வெளியே வந்தால்தான் தெரியும். மழை அநேகமாகக் கிடையாது. ஸ்டோருக்குப் பொறுப்பு கோயா என்கிற மலப்புறத்துக்காரர். அவரை நான் அண்ணாச்சி என்பேன். எங்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் மேனேஜரின் இரும்பு அலமாரியில். மேனேஜரை இங்கே முதீர் என்பார்கள். ஊருக்குப் போக வேண்டுமானால் பாஸ்போர்ட் மட்டும் போதாது. வெளியேற விடலாம் என்று ஒரு அனுமதித் தாளில் முதீர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் விமான நிலையத்தில் ஒரு அடி நகர முடியாது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா இல்லை. ஒரே தங்கச்சி, செல்லத்தாய். அவளைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். நான் விமானம் ஏறும்போது அவளுடைய மகள் கனகுக்கு மூன்று மாதம். "மூணு வயசுல காது குத்துவோம். மாமன் மடி வேணும். வந்திரு" என்று சொல்லி அனுப்பினாள். வந்துவிடுவேன் என்று சொன்னேன். மூன்றாம் வயதில் என் விசாவைப் புதுப்பிக்கிற காகிதம் தவறிப்போய் எட்டு மாதம் நின்றது. ஐந்தாம் வயதில் கம்பெனி கைமாறி, புதுக் கம்பெனிக்காரன் ஒரு வருஷம் யாருக்கும் லீவு இல்லை என்றான். எங்களில் காது குத்து ஒற்றைப்படை வயதில்தான். மிச்சம் ஏழாம் வயது. அந்த வருஷம் மாசியில், குலசாமி கோயில் சிவராத்திரிக்கு வந்தே தீருவேன் என்று சொல்லியிருந்தேன். லீவும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

கிண்ணத்தின் கதை அந்த வருஷம் நடந்தது.

3

இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் நிற்கிற அளவு கிண்ணம். காஷான் என்ற ஊரில் செய்தது என்பார்கள். வெள்ளைப் பூச்சின்மேல் பழுப்பாக ஒரு மினுக்கு ஓடும். பொன் பூசியது என்றுதான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பொன் இல்லை. செம்பும் வெள்ளியும் கலந்த மருந்தைப் பூசி, புகையடைத்துச் சுட்டு அந்த மினுக்கை வரவழைப்பார்களாம். கிண்ணத்துக்கு நடுவில் குதிரைமேல் நீல அங்கி போட்ட ஒருத்தன். விளிம்பைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல எழுத்து.

நான் ஆடு பார்த்து வளர்ந்தவன். ஒரு உருப்படியைப் பார்த்தால் முதலில் கால் பார்ப்பேன், பிறகு வாய் பார்ப்பேன். அந்தக் குதிரைக்கு ஐந்து கால்.

கோயாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அது வால்டா."

"வால் தனியா இருக்கு அண்ணாச்சி. இது குளம்போட இருக்கு."

"எண்ணூறு வர்ஷம் முன்னே உள்ள குதிரை. உனக்கு எந்தறியாம்? நின்டெ ஊரில் குதிரை உண்டோ?"

"இல்ல."

"பின்னே? தூசி தட்டு."

நான் தூசி தட்டினேன். ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குதிரையைப் பார்த்துக்கொள்வேன். வேறு பொழுதுபோக்கு இல்லை.

4

ஆகஸ்டு மாதம் ஸ்டோரின் ஏ.சி. படுத்துவிட்டது. சரிசெய்ய நாலு நாள் ஆயிற்று. இங்கே ஆகஸ்டில் கடலிலிருந்து வருகிற காற்று ஈரத்துணியை முகத்தில் போட்ட மாதிரி இருக்கும். அது கீழேயும் இறங்கியது. ஏ.சி. திரும்ப ஓட ஆரம்பித்து இரண்டு வாரத்தில் குதிரைக் கிண்ணத்தின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. பஞ்சைப்போல மெல்லிய முள் முள்ளாக. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

எனக்கு அது புதுசில்லை. எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உப்புத் தண்ணி. உப்பளத்தில் புதுப் பானை வாங்கி வைத்தால் ஒரு மாதத்தில் வெளிப்பக்கம் வெள்ளை பூக்கும். அப்படியே விட்டால் தோல் தோலாக உரிந்து பானை உதிர்ந்துபோகும். உப்பளத்துப் பெண்கள் அதற்கு ஒன்றுதான் செய்வார்கள். மழை பெய்தவுடன் நல்ல தண்ணியைப் பிடித்து அண்டாவில் ஊற்றி, பானையை முக்கிப் போடுவார்கள். ஒரு நாள் விட்டுத் தண்ணியை மாற்றுவார்கள். உப்பு இறங்கிவிடும். இந்தக் கிண்ணம் மண்ணுக்குள் நூற்றுக்கணக்கான வருஷம் புதைந்து கிடந்து தோண்டியெடுத்தது. மண்ணின் உப்பெல்லாம் அதற்குள் இருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முறைப்படி கோயாவிடம் சொன்னேன். கோயா ஆபீஸுக்கு எழுதினார். பாத்திரங்களுக்கு வைத்தியம் பார்க்கிற பர்வீன் கானும் என்கிற ஈரான்காரம்மா ஊருக்குப் போயிருந்தார். கானும் என்பது அவர்கள் பக்கம் அம்மா என்கிற மாதிரி மரியாதைச் சொல். அவர் திரும்ப ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை தொட வேண்டாம் என்று பதில் வந்தது.

ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அலமாரித் தட்டில் வெள்ளைப் பொடியோடு மினுக்குப் பூச்சும் செதில் செதிலாக விழ ஆரம்பித்தது. நகக்கண் அளவு நீலம் ஒன்று விழுந்த அன்று, இனி ஒன்றரை மாதம் தாங்காது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஸ்டோரில் காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் கேனாக இருந்தது. அவ்வளவு நல்ல தண்ணியை எங்கள் ஊரில் ஒருத்தனும் கண்ணால் பார்த்திருக்க மாட்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் கோயா சீக்கிரம் கிளம்பிப் போனார். ஸ்டோருக்கு வெள்ளி விடுமுறை. ஒரு புது வாளியில் தண்ணி நிரப்பி, அடியில் துணி விரித்து, கிண்ணத்தைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இறக்கி வைத்தேன். சனிக்கிழமை தண்ணி மாற்றலாம் என்று மூடி போட்டேன்.

5

சனிக்கிழமை வாளிக்குள் கிண்ணம் இல்லை. துண்டுகள் கிடந்தன.

தண்ணி பழுப்பாக, கஞ்சி போல இருந்தது. முகர்ந்து பார்த்தேன். தோல் வேகிற நாற்றம். தச்சன் காய்ச்சுகிற வச்சிரப் பசை. எந்தக் காலத்திலோ எவனோ அந்தக் கிண்ணத்தை வச்சிரத்தால் ஒட்டி, ஒட்டு தெரியாமல் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் சாயம் தீட்டி முழுசாக்கியிருக்கிறான். ஊறினதும் பிரிந்துவிட்டது. துண்டுகளின் ஓரமெல்லாம் பழைய அழுக்கு. புதிதாக உடைந்தது ஒன்றுகூட இல்லை.

அதில் ஒரு துண்டில் குதிரையின் முன்பாதி, மூன்று காலோடு. இன்னொரு துண்டில் பின்பாதி, இரண்டு காலோடு. இரண்டின் கனமும் வேறு. வெள்ளையும் வேறு வெள்ளை. அப்படிப் பிரித்துப் பார்த்தால் எட்டுத் துண்டும் மூன்று கிண்ணத்துடையது.

கோயா வந்து பார்த்து நெஞ்சில் கைவைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எடா பெருமாளே, எந்தாடா செய்தது? கழுகியோ?"

"கழுவல அண்ணாச்சி. ஊறப் போட்டேன்."

"ஊறப் போடான் இதெந்தா உழுந்தோ?"

நான் வேலையைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேய்ச்சலில் அடுத்தவன் ஆடு செத்துப்போனால் மேய்க்கிறவன் வெறுங்கையோடு வந்து சொல்லக் கூடாது. தோலையும் காதையும் கொண்டுவந்து ஆட்டுக்காரன் முன்னால் வைக்க வேண்டும். காதில் அவனவன் அடையாள வெட்டு இருக்கும். அப்போதுதான் செத்தது என்று நம்புவான், இல்லாவிட்டால் விற்றுவிட்டான் என்பான். நான் துண்டுகளை ஒன்றுவிடாமல் துணியில் பரப்பினேன். வாளித் தண்ணியைக் கீழே ஊற்றாமல் என் பனியனைக் கழற்றி வடிகட்டி, அடியில் நின்ற மண்ணையும் சாயப் பொருக்கையும் ஒரு டப்பாவில் போட்டேன். தண்ணியைக் கேனில் ஊற்றி மூடினேன். பிறகு கோயாவைக் கூப்பிட்டுக்கொண்டு நானே முதீரிடம் போனேன்.

6

முதீர் கெட்டவர் இல்லை. என்னைவிட வயதில் சின்னவர். கத்தவும் இல்லை. கிண்ணம் உடைந்தது எப்படி என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரபியில் உடைந்ததுக்கு வார்த்தை உண்டு, ஒட்டு விட்டதுக்கு இல்லை. இரண்டு கையையும் சேர்த்து, மெதுவாகப் பிரித்துக் காட்டினேன். அவர் கையைப் பார்த்தாரே தவிர நம்பினாரா தெரியவில்லை.

மூன்று நாள் கழித்துக் கோயா ஒரு தாளோடு வந்தார். அரபியில் டைப் அடித்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

"எந்தா எழுதியிருக்குன்னு வாயிச்சுத் தரட்டே?" என்றார். "தூசி தட்டும்போ கை தவறி விழுந்து உடைஞ்சு. நீ ஒப்பமிட்டால் விசா கேன்சல். ஒரு வாரத்தில் நாட்டில் போகலாம். திரும்ப வரான் முடியாது. அத்ரே உள்ளு."

"தண்ணில ஊறிப் பிரிஞ்சதுன்னு எழுதலியா?"

கோயா குரலைத் தாழ்த்தினார். அந்தக் கிண்ணத்தை முழுசு என்று சொல்லித் தேர்ந்தெடுத்து வாங்கியது பெரிய இடத்து ஆள். எட்டுத் துண்டில் மூன்று கிண்ணம் என்று வெளியே தெரிந்தால் ஏமாந்தது அவர் என்று ஆகிவிடும். ஒரு கூலிக்காரன் கைதவறிப் போட்டான் என்றால் யாருக்கும் கேவலம் இல்லை.

"நினக்கு ஊருக்கல்லே போகணும்? மருமகள்டெ காது குத்தணும்னு நீ எப்பொழும் பறயும். இதாடா வழி. ஒப்பமிடு."

பேனாவை வாங்கினேன். போடவில்லை.

எங்கள் அப்பா ஒருமுறை அப்படி ஒப்புக்கொண்டவர். ஊர் ஆட்டில் நாலு உருப்படி காணாமல் போயிற்று. ஓட்டிக்கொண்டு போனது யார் என்று அவருக்கும் தெரியும், கூடியிருந்தவர்களுக்கும் தெரியும். பெரிய வீட்டுப் பையன் பெயரைச் சொல்ல வேண்டாமே என்று, "மரத்தடியில தூங்கிட்டேன்னு சொல்லிரு, விட்டுருவோம்" என்றார்கள். சொன்னார். விட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் ஒருத்தரும் ஆடு பத்திவிடவில்லை. தூங்குகிறவனிடம் யார் ஆடு கொடுப்பார்கள்? சாகிற வரைக்கும் சொந்த ஆடு ஐந்தை வைத்துக்கொண்டு மேய்த்தார்.

"விழல அண்ணாச்சி. விழுந்துச்சுன்னு போட மாட்டேன்" என்றேன்.

இதைப் பெரிய நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிடிவாதம்தான். அன்றைக்குச் செல்லத்தாயை நான் நினைக்கவில்லை. மாசிக்கு இன்னும் ஆறு மாதம் கிடக்கிறது, அதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

7

முடியவில்லை. விசாரணை என்று ஒரு ஃபைல் திறந்தார்கள். ஃபைல் இருக்கிறவரை அனுமதித் தாள் கிடையாது என்றார்கள். நான் எழுதிக் கொடுத்திருந்த லீவும் அந்த ஃபைலுக்குள் போயிற்று. ஸ்டோரில் அலமாரிப் பக்கம் என்னை விடவில்லை. வாசலில் உட்கார்ந்து யார் வருகிறார், யார் போகிறார் என்று நோட்டில் கோடு போடுகிற வேலை. காலையில் வருகிற ஆள் சாயங்காலம் போவார். நான் கோடு போடுவேன்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை செல்லத்தாய் ஊரிலுள்ள எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து நிற்பாள். நான் கார்டு போட்டுக் கூப்பிடுவேன்.

"அண்ணே, மாசிக்கு வந்திருவேல்லா?"

"பாக்கணும் செல்லம்."

"பாக்கணும்னா? இங்க எங்க மாமியா என்ன கேக்கா தெரியுமா? ஒங்க அண்ணன் வேலதான் பாக்கானா, இல்ல உள்ள கெடக்கானாங்கா."

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லு."

"சிரிக்காத. எட்டயபுரத்துல நம்ம சித்தப்பா மகன் இருக்காம்லா, அவன் மடியில வச்சு முடிச்சிரச் சொல்லுதாவ எல்லாரும். ஏழும் போச்சுன்னா ஒம்பது. பெறகு வயசுக்கு வந்த புள்ளைக்கா காது குத்துவேன்னு கேக்குதாவ."

"முடிச்சிர வேண்டியதான?"

"நீ சொல்லிருவ. கூடப்பொறந்தவன் உசுரோட இருக்கையில எவன் மடியிலயோ வைக்கதுக்கு எனக்கென்ன தலையெழுத்து?" என்றாள். பிறகு கோபத்தோடு, "ஏட்டி, இந்தா, ஒங்க மாமாகிட்ட நீயே கேளு" என்று போனைப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

கனகு விவரம் தெரிந்து என்னைப் பார்த்ததே இல்லை. போட்டோவில் பார்த்திருப்பாள். போனில் முதலில் மூச்சு மட்டும் கேட்கும்.

"மாமா."

"சொல்லுடா."

"நான் காதுல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கேன். செவப்பு. பள்ளியோடத்துல எல்லாரும் தோடு போட்டிருக்காவ, அதான்."

"நல்லாருக்கா?"

"வேர்த்தா விழுந்துருது. மாமா, நீங்க எப்ப வருவீங்க?"

'வருவீங்க' என்று அவள் கேட்டது பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி இருந்தது. சீக்கிரம் வருவேன் என்றேன். கார்டில் காசு தீர்ந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். தீரவில்லை.

8

பர்வீன் கானும் அக்டோபரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சொந்த ஊர் இஸ்ஃபகான். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் இந்தி, கொஞ்சம் அரபி. துண்டுகளைப் பத்து நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். திட்டவும் செய்தார்.

"கேட்காமல் தண்ணீரில் போட்டது தப்பு. பெரிய தப்பு."

"சரி."

"உப்பை எடுக்க நானும் தண்ணீரில்தான் போட்டிருப்பேன். ஆனால் ஒட்டு இருக்கிறதா என்று முதலில் பார்த்திருப்பேன். உனக்குச் சந்தேகம் வரவில்லையா?"

"குதிரைக்கு அஞ்சு கால் இருந்தது" என்று விரலைக் காட்டினேன்.

அவர் இரண்டு குதிரைத் துண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணினார். "பதினைந்து வருஷமாக இந்தக் கிண்ணத்தைப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். ஒருவரும் காலை எண்ணவில்லை" என்றார். பிறகு விளிம்பு எழுத்தைக் காட்டி விளக்கினார். ஒரு துண்டில் காதலியைக் குறித்த பாட்டு பாதியில் நிற்கிறது. அடுத்த துண்டில் கிண்ணத்துச் சொந்தக்காரனுக்கு வாழ்த்து நடுவில் தொடங்குகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் பழம்பாத்திர வியாபாரிகள் உடைந்த நாலைந்தைச் சேர்த்து முழுசு ஒன்றாக்கி வெள்ளைக்காரனுக்கு விற்பார்களாம். நிறைய மியூசியங்களில் இப்படி இருக்கிறதாம்.

"தண்ணீரையும் பொருக்கையும் ஏன் எடுத்து வைத்தாய்?"

ஆட்டுக் காதைப் பற்றிச் சொல்ல இந்தி போதவில்லை. "எங்க ஊர் வழக்கம்" என்றேன்.

"அது இல்லாவிட்டால் நான் எதுவும் எழுத முடியாது. இப்போது எழுதுவேன்" என்றார். எழுதினார். பதினாறு பக்கம். முதீர் அதை மேலே அனுப்பினார். மேலே போனது மேலேயே இருந்தது.

9

தை பிறந்தது. கோயிலுக்குச் சொல்லியாகிவிட்டது, ஆசாரிக்கு வெற்றிலை வைத்தாகிவிட்டது, கிடாய் பார்த்தாகிவிட்டது என்று செல்லத்தாய் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் வருகிறேனா என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வாரம் முழுக்க வாசலில் கோடு போட்டுக்கொண்டே யோசித்தேன். என்னை நம்பி யாரும் ஆடு பத்திவிடப் போவதில்லை. பாத்திரத்தைத்தான் தூசி தட்டச் சொன்னார்கள். அதற்கு எதற்கு இவ்வளவு? கைதவறிவிட்டது என்றால் விட்டுப்போகட்டும்.

சிவராத்திரிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, கோயாவையும் கூட்டிக்கொண்டு முதீரிடம் போனேன்.

"அந்தத் தாளைக் குடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. கையெழுத்துப் போடுதேன். விழுந்துச்சு. நான்தான் போட்டேன்."

கோயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அரபியில் சொன்னார். முதீர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஆனால் அவர் எடுத்தது அந்தத் தாள் இல்லை, கானும் எழுதிய பதினாறு பக்கம். கோயா கேட்டுச் சொன்னார்.

"அந்தப் பேப்பர் கீறிக் குப்பையில் களைஞ்சு. இப்ப மேலே உள்ளவர் இது வாயிச்சு. கிண்ணம் வித்த ஆளோட மேலே கேஸ் கொடுக்கப் போகுது. நீ சாட்சி. சாட்சியை நாடு விடாது."

"நான் பொய் சொல்லுதேன்னு சொல்லுங்க. விழுந்துதான் உடைஞ்சது."

"எடா, வச்சிரம் கலங்கிய வெள்ளம் கேனிலாக்கி நீ தந்நதல்லே? இனி எங்ஙன விழும்?"

முதீர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். நல்லது செய்தாய் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். உண்மையாகவே பாராட்டினார் என்று நினைக்கிறேன். நான் அவர் அறையிலிருந்த நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து வந்தேன்.

கயத்தாற்றுக்காரர் ஒருவர் அந்த வாரம் ஊருக்குப் போனார். அவரிடம் ஒரு ஜோடித் தோடு கொடுத்தனுப்பினேன். போனில் செல்லத்தாயிடம், "எட்டயபுரத்துக்குச் சொல்லி விட்டுரு" என்றேன். தோடு என்றைக்கு வந்து சேரும் என்று மட்டும் கேட்டாள்.

10

சிவராத்திரி முடிந்து நாலாம் நாள் கூப்பிட்டேன்.

"முடிஞ்சிருச்சுண்ணே" என்றாள்.

"எட்டயபுரத்தான் வந்திருந்தானா?"

"வந்திருந்தான். சாப்பிட்டுட்டுப் போனான்."

"அப்ப மடி?"

"என் மடிதான்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "ஆசாரி ஊசிய வச்சுக்கிட்டு, மாமன் யாரும்மா, வந்து ஒக்காரச் சொல்லுங்கன்னாரு. நான் போயி ஒக்காந்து புள்ளையத் தூக்கி மடியில வச்சேன். எங்க மாமியா எந்திரிச்சு நின்னு கத்துதா. பூசாரி முழிக்காரு. எங்க அண்ணனும் நானும் ஒரே வயித்துல கெடந்தவிய, அவன் மடி வேற என் மடி வேறயா, நீரு குத்தும்னேன். குத்திட்டாரு."

"புள்ள அழுதாளா?"

"ஒரு காதுக்கு அழுதா. மறு காதுக்கு ஆசாரி கையக் கடிச்சு வச்சுட்டா. நீ குடுத்து விட்ட தோடுதான் போட்டிருக்கு. நல்லாருக்கு."

கனகு சிரிக்கிற சத்தம் பின்னால் கேட்டது. போனை வாங்க அவள் வரவில்லை. தோட்டைக் காட்ட எங்கேயோ ஓடிவிட்டாள் என்றாள் செல்லத்தாய். பிறகு அவள் குரல் இறங்கியது. கோபம் எல்லாம் வடிந்துபோன குரல்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதண்ணே. ஒன்னையப் போட்டு ரொம்ப நெருக்கிட்டேன். இனி ஒனக்காவ இங்க ஒண்ணும் நிக்கல. சாவகாசமா வா."

சரியென்றேன்.

சித்திரையில் ஒருநாள் முதீர் கூப்பிட்டனுப்பினார். கிண்ணத்தை விற்றவர் செத்துப்போய் வெகுகாலமாயிற்றாம். கேஸ் இல்லை, சாட்சியும் வேண்டாம். பாஸ்போர்ட்டையும் அனுமதித் தாளையும் மேஜைமேல் வைத்தார். தாளுக்கு ஏழு நாள் கெடு. கோயாவுக்கு என்னைவிடச் சந்தோஷம். "டிக்கெட் எந்நாடா?" என்று நாளுக்கு இரண்டு தரம் கேட்டார்.

இரண்டாம் நாள் பெட்டி வாங்கப் போனேன். கடைக்காரன் பெரிசு வேண்டுமா, சின்னது வேண்டுமா என்று கேட்டான். ஊரில் போய் இறங்கியதும் முதலில் எந்த வீட்டுக்குப் போவது, அங்கே என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் கானும் என்னை மறுபடியும் ஸ்டோருக்குள் கூப்பிட்டு, துண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எது எதோடு சேரும் என்று கேட்டார். நான் பிரித்து வைத்தேன். மூன்றாம் நாள் அந்த வேலை. நாலாம் நாளும் அதுதான்.

எட்டாம் நாள் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனேன். கெடு முடிந்த தாளையும் பாஸ்போர்ட்டையும் முதீர் திரும்பக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.